‘கவெண்டர்’ என்றால் கொங்குக் கவுண்டரா? நேட்டால் போன முன்னோரின் ஊரைத் தேடுவது எப்படி

நீங்கள் கேட்டிருப்பது இதுதான் என்று புரிந்துகொள்கிறேன். உங்கள் மனைவி டர்பனில் பிறந்தவர். அவருடைய எள்ளுத் தாத்தா முனுசாமி 1880களில் கரும்புத் தோட்ட வேலைக்காகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கப்பலேறியவர். குடும்பப் பெயர் கவெண்டர். நீங்கள் ஈரோட்டுக்காரர். கவெண்டர் என்பது கவுண்டர்தான் என்று யாரோ சொல்ல, டிசம்பர் விடுமுறையில் காங்கேயம், பெருந்துறைப் பக்கம் போய் விசாரித்தால் பங்காளிகள் யாராவது கிடைப்பார்களா என்று கேட்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்பது ஒன்று. அந்த மனிதர் எந்த ஊரிலிருந்து போனார் என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குப் பதில் தெரிந்தால் இரண்டாவதும் தெரிந்துவிடும் என்று நினைக்கிறீர்கள். அங்கேதான் பலரும் வழி தவறிப் போகிறார்கள். பெயர் கவுண்டரிலிருந்து வந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஆனால் அதை வைத்து ஊரைக் கண்டுபிடிக்க முடியாது. ஊரைக் கண்டுபிடிக்க வேறு வழி இருக்கிறது, அது தொடங்குவது ஈரோட்டில் இல்லை, டர்பனில் உங்கள் மாமனார் வீட்டு அலமாரியில்.

நான் வருவாய்த் துறையில், நில அளவைப் பக்கம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பெரும்பாலான வருடங்கள் வேலூர், குடியாத்தம், ஆரணி வட்டாரத்தில் கழிந்தன. தென்னாப்பிரிக்காவிலிருந்து வரும் குடும்பங்கள் ஆங்கில எழுத்தில் ஏதோ ஓர் ஊர்ப் பெயரைத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு தாலுகா ஆபீஸ் படியேறி வருவார்கள். அந்த ஊர் எது என்று கண்டுபிடித்துக் கொடுக்கும் வேலை எப்படியோ என் தலையில் விழுந்தது, பிறகு அதுவே பிடித்துப்போனது. அதனால் கப்பல் பட்டியல்களின் நகல்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தக் காலத்து ஜில்லா, தாலுகா எல்லைகளும் எனக்குப் பழக்கம். நான் சொல்வதில் எது உறுதி, எது ஊகம் என்று அங்கங்கே பிரித்துச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் கொஞ்சம் பின்னணி. மதராஸிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்ற கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனில் போய் நின்றது. அன்று தொடங்கி 1911 வரை மொத்தம் 1,52,184 பேர் ஒப்பந்தத் தொழிலாளர்களாக நேட்டாலுக்குப் போனார்கள். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மதராஸ் துறைமுகம் வழியாகப் போனவர்கள், மீதிப் பேர் கல்கத்தா வழியாகப் போனவர்கள். நடுவில் 1866 முதல் 1874 வரை ஆள் அனுப்புவது நின்றிருந்தது. தாது வருஷப் பஞ்சம் 1876-லிருந்து 1878 வரை நம் பக்கத்தைச் சூறையாடியது. அதற்கு அடுத்து வந்த வருடங்களில்தான் உங்கள் மனைவியின் முன்னோர் போயிருக்கிறார். ஐந்து வருட ஒப்பந்தம். முதல் வருடம் மாதம் 10 ஷில்லிங் கூலி, வருடத்துக்கு ஒரு ஷில்லிங் ஏறும். பத்து வருடம் அங்கே கழித்தால் ஊர் திரும்ப இலவசக் கப்பல் பயணம். பலர் திரும்பவில்லை.

சரி, பெயருக்கு வருகிறேன். கப்பலேறிய முனுசாமிக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. நம் ஊரில் அன்றைக்கு யாருக்குமே கிடையாது. ஒரு பெயர், அப்பா பெயர், சாதி, ஊர், அவ்வளவுதான். ஆனால் நேட்டாலில் ஆவணம் எழுதும் வெள்ளைக்கார அதிகாரிக்கு இரண்டாவதாக ஒரு பெயர் வேண்டும். பிள்ளை பிறந்தால், கல்யாணம் பதிந்தால், பள்ளிக்கூடத்தில் சேர்த்தால், நிலம் குத்தகைக்கு எடுத்தால், எல்லா இடத்திலும் கேட்பார்கள். அந்தக் கட்டத்தை நிரப்பப் பல வழிகள் இருந்தன. சிலர் சாதிப் பட்டத்தை எழுதினார்கள். பிள்ளை, நாயுடு, செட்டி, ரெட்டி, படையாச்சி, நாயக்கர் எல்லாம் இப்படி வந்தவை. முதலி அங்கே மூட்லி ஆனது, பத்தர் பாத்தர் ஆனது. சிலர் அப்பா பெயரையே எழுதினார்கள். பெருமாள், வீராசாமி, ஆறுமுகம், மாரிமுத்து, குப்புசாமி என்று இன்றைக்கும் டர்பனில் குடும்பப் பெயர்கள் இருப்பது அதனால்தான். மேஸ்திரி மாதிரி, செய்த வேலையே குடும்பப் பெயராக நின்றுவிட்டதும் உண்டு.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது, அப்பா பெயரை எழுதும் பழக்கம் இருந்தவரை குடும்பப் பெயர் தலைமுறைக்குத் தலைமுறை மாறிக்கொண்டே இருக்கும். ஏதோ ஒரு கட்டத்தில் அது உறைந்துவிடும், அதன் பிறகு மாறாது. எந்தத் தலைமுறையில் உறைந்தது என்பது ஒவ்வொரு குடும்பத்திலும் வேறு. ஒரே தாய் வயிற்றில் பிறந்த அண்ணன் கவெண்டர் என்றும் தம்பி முன்சாமி என்றும் இருப்பதை நானே பார்த்திருக்கிறேன். இருவரையும் வேறு வேறு எழுத்தர்கள் பதிந்திருந்தார்கள், அவ்வளவுதான் விஷயம். ஆகவே கவெண்டர் என்ற ஒரே பெயரின் கீழ் மட்டும் தேடாதீர்கள். உங்கள் மாமனாரின் அத்தை, பெரியப்பா வழியினருக்கு என்ன குடும்பப் பெயர் என்று முதலில் கேட்டு எழுதி வையுங்கள்.

கவெண்டர் என்பதும் கவுண்டன் என்பதும் நேட்டாலில் இரண்டு தனித்தனிக் குடும்பப் பெயர்களாக இருக்கின்றன, இரண்டுமே கவுண்டர் என்ற பட்டத்திலிருந்து வந்தவை என்பதுதான் பொதுவாக ஏற்கப்படும் விளக்கம். நானும் அதை ஏற்கிறேன். கோவிந்தன் என்ற பெயர் எழுத்தர் கையில் திரிந்து கவெண்டர் ஆகியிருக்கலாம் என்று சில குடும்பங்கள் சொல்வதுண்டு. ஏதோ ஒரு குடும்பத்தில் அப்படி நடந்திருக்கலாம், ஆனால் அதைப் பொது விளக்கமாக எடுத்துக்கொள்ள ஆதாரம் இல்லை.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். நீங்கள் ஈரோட்டுக்காரர் என்பதால் கவுண்டர் என்ற சொல்லைக் கேட்டதும் கொங்கு வேளாளர் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் அந்தப் பட்டம் கொங்குநாட்டுக்கு மட்டும் சொந்தமானதில்லை. வட ஆற்காடு, சேலம் பக்கத்தில் வன்னியர்கள் கவுண்டர் என்று போட்டுக்கொள்வார்கள், இன்றைக்கும் திருப்பத்தூர், தருமபுரிப் பக்கம் போனால் கேட்கலாம். வேட்டுவக் கவுண்டர், ஊராளிக் கவுண்டர், குறும்பக் கவுண்டர் என்று வேறு சமூகங்களும் உண்டு. ஜவ்வாது மலையிலும் கல்வராயன் மலையிலும் இருக்கிற மலையாளிப் பழங்குடியினரும் கவுண்டர் என்றே சொல்லிக்கொள்கிறார்கள். நேட்டாலுக்கு ஆள் போன கணக்கைப் பார்த்தால், தமிழ்நாட்டுப் பக்கம் வட ஆற்காடுதான் முதலிடத்தில் நிற்கிறது. செங்கல்பட்டு, தஞ்சாவூர், திருச்சி, சேலம், தென் ஆற்காட்டிலிருந்தும் போனார்கள். அன்றைய கோயம்புத்தூர் ஜில்லாவில் அடங்கியிருந்த உங்கள் ஈரோட்டுப் பக்கத்திலிருந்து போனவர்கள் அதைவிடக் குறைவு. ஆகவே 1880களில் போன ஒரு கவெண்டர், காங்கேயத்துக்காரராக இருப்பதைவிட ஆரணிக்காரராகவோ திருப்பத்தூர்க்காரராகவோ இருக்க வாய்ப்பு அதிகம். இது எண்ணிக்கையை வைத்துச் சொல்லும் ஊகம்தான். உங்கள் குடும்பத்துக்கு இதுதான் என்று தீர்ப்பு எழுத முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கொஞ்சம் மென்மையாகவே சொல்கிறேன். பட்டப் பெயரும் கப்பல் பட்டியலில் உள்ள சாதிக் கட்டமும் ஒத்துப்போகாத குடும்பங்கள் நிறைய உண்டு. ஊரில் தன்னை யாரும் மதிக்காத ஒருவர், கடல் கடந்து ஐந்து வருடம் உழைத்துக் கரையேறியபின் தனக்குப் பிடித்த ஒரு பட்டத்தைச் சூட்டிக்கொண்டார் என்றால் அதில் குறை சொல்ல எனக்கு வாய் வராது. சாதிக் கொடுமையிலிருந்து தப்பிக்கவென்றே கப்பலேறியவர்கள் இருந்தார்கள். பட்டியலில் வேறு சாதி இருந்தால் உங்கள் மாமனார் குடும்பத்தாருக்கு அது அதிர்ச்சியாக இருக்கக்கூடும். தேடலைத் தொடங்குமுன் இதை உங்கள் மனைவியிடம் பேசிவிடுங்கள். என்ன கிடைத்தாலும் தெரிந்துகொள்ள விருப்பமா என்று அவர் சொல்லட்டும். இது அவருடைய குடும்பம்.

பெயர் வழி காட்டாது என்றால் எது காட்டும்? எண். நேட்டாலில் இறங்கிய ஒவ்வொருவருக்கும், குழந்தைகள் உட்பட, குடியேறிகள் பாதுகாவலர் அலுவலகம் ஒரு வரிசை எண் கொடுத்தது. காலனி எண் என்று சொல்வார்கள். 1-இல் தொடங்கி 1,52,184-இல் முடியும். பெயர் எப்படித் திரிந்தாலும் அந்த எண் சாகும்வரை அவரைத் தொடர்ந்தது. ஒப்பந்தம் முடிந்ததும் தரும் சுதந்திரச் சீட்டில், கல்யாணப் பதிவில், பிள்ளைகளின் பிறப்புப் பதிவில், புகார் மனுவில், இறந்தபின் சொத்துக் கோப்பில், எல்லாவற்றிலும் அது வரும். எண்கள் வந்திறங்கிய வரிசையில் கொடுக்கப்பட்டதால், எண் கிடைத்துவிட்டால் கப்பலும் தேதியும் தானாகக் கிடைத்துவிடும். 1866 வரை வந்தவர்கள் 6,445 பேர்தான். ஆகவே அதற்கு மேற்பட்ட எண் என்றால் 1874-க்குப் பிறகு வந்தவர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

எண் இல்லாமல் முனுசாமி என்ற பெயரை மட்டும் வைத்துத் தேடினால் மலைத்துப் போவீர்கள். கப்பல் பட்டியல்களில் முனுசாமிகள் அத்தனை பேர் இருக்கிறார்கள். அதனால் முதல் வேலை அந்த எண்ணைப் பிடிப்பது. வீட்டில் பழைய தகரப் பெட்டி, சாமி அறை, பைபிள், பகவத் கீதைக்குள் மடித்து வைத்த தாள் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். முனுசாமியின் பிள்ளைகள் அல்லது மூத்த பேரப்பிள்ளைகளின் பிறப்புப் பதிவில் பெற்றோரின் எண் பெரும்பாலும் இருக்கும். தென்னாப்பிரிக்க உள்துறை அலுவலகத்தில் விண்ணப்பிக்கும்போது கணினியில் அடித்துத் தரும் சுருக்கச் சான்றிதழை வாங்காதீர்கள், அதில் எண் வராது. பழைய பதிவேட்டுப் பக்கத்தின் நகல், அதாவது அவர்கள் ‘வால்ட் காப்பி’ என்று சொல்வது வேண்டும் என்று கேட்க வேண்டும். நேட்டாலின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளில் ஒரு பகுதி ஃபேமிலிசர்ச் தளத்தில் படமாகவே இருக்கிறது, காசு கட்டத் தேவையில்லை. அடுத்தது சொத்துக் கோப்பு. தோட்டத்திலிருந்து வெளியேறி நாலு மாடு, ஒரு துண்டு நிலம் என்று சேர்த்தவர் இறந்தால், உச்ச நீதிமன்ற மாஸ்டர் அலுவலகத்தில் ஒரு கோப்பு திறப்பார்கள். அதில் இறப்பு அறிவிப்பு ஒன்று இருக்கும். பெற்றோர் பெயர், மனைவி, உயிரோடு இருக்கும் பிள்ளைகள், வயது எல்லாம் அதில் உண்டு. பிறந்த இடம் என்ற கட்டத்தில் பெரும்பாலும் ‘இந்தியா’ அல்லது ‘மதராஸ்’ என்று மட்டும் எழுதியிருப்பார்கள், அதனால் ஊர் கிடைக்காது. ஆனால் பிள்ளைகளின் பெயர்களும் குடும்பப் பெயர் எப்படி மாறியது என்பதும் அங்கேதான் தெளிவாகத் தெரியும். தென்னாப்பிரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத் தேடலில் பெயரைப் போட்டால் கோப்பு இருக்கிறதா என்று பார்த்துவிடலாம்.

எள்ளுப் பாட்டியை மறந்துவிடாதீர்கள். குடும்பப் பெயரைப் பின்தொடரும்போது பெண்கள் பார்வையிலிருந்து நழுவிவிடுகிறார்கள். அவரும் கப்பலில் வந்தவர் என்றால் அவருக்கும் தனி எண் உண்டு. அவர் பெயர் முனுசாமியைவிட அரிதானதாக இருந்தால் அவர் வழியாகத் தேடுவதுதான் சுலபம். அவர் வழியாகக் கிடைக்கும் ஊரும் உங்கள் மனைவியின் ஊர்தானே? 100 ஆண்களுக்கு 40 பெண்களாவது கப்பலில் இருக்க வேண்டும் என்று விதி இருந்தது. தனியாக வந்த பெண்களும் விதவைகளும் அதில் உண்டு. மதராஸில் கப்பலேறும்வரை தங்கவைக்கும் டிப்போவிலேயே சேர்ந்து கணவன் மனைவியாகக் கப்பலேறியவர்களும் உண்டு. பட்டியலில் அடுத்தடுத்த எண்ணில் இருவர் தம்பதியாக இருந்து, ஊரும் சாதியும் வேறாக இருந்தால் குழம்ப வேண்டாம்.

எண் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கப்பல் பட்டியல்கள் டர்பன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றைக் கணினியில் ஏற்றிய தரவுத்தளமும் உண்டு, அதை முதல் படியாகப் பயன்படுத்துங்கள், ஆனால் கடைசிச் சாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கையெழுத்தைப் படித்துத் தட்டச்சு செய்தவர்களுக்குத் தமிழ்நாட்டு ஊர்கள் பழக்கமில்லை. மூலப் பக்கத்தின் படத்தை எப்படியாவது வாங்குங்கள். அந்தப் பக்கத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. எண், பெயர், அப்பா பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள மச்சம் அல்லது தழும்பு, எந்த முதலாளியிடம் அனுப்பப்பட்டார் என்பது. நூற்று நாற்பது வருடத்துக்கு முன் வாழ்ந்த, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கூலி விவசாயியைப் பற்றி நம் ஊரில் எந்தத் தாளிலும் இவ்வளவு கிடைக்காது. வலது கன்னத்தில் தழும்பு என்ற ஒரு வரியைப் படித்துவிட்டு அறுபது வயது மனிதர் ஒருவர் என் மேஜை முன்னால் உட்கார்ந்து அழுதிருக்கிறார். அவருக்கும் அதே இடத்தில் தழும்பு இருந்ததாலெல்லாம் இல்லை. தாத்தாவுக்குத் தாத்தாவுக்கு ஒரு முகம் இருந்தது என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தோன்றியது.

அந்த வரியில் எதை எவ்வளவு நம்பலாம்? எண், கப்பல், வந்த தேதி, முதலாளி, இவற்றை முழுசாக நம்பலாம். இவை நிர்வாகம் தன் தேவைக்காக எழுதியவை. அப்பா பெயரையும் பெரும்பாலும் நம்பலாம், அதில் பொய் சொல்ல யாருக்கும் காரணம் இல்லை. வயது கண்ணால் பார்த்துப் போட்ட மதிப்பீடு, ஐந்து வருடம் முன்பின் இருக்கும். சாதிக் கட்டம் ஓரளவுக்குத்தான். பதிந்தவர்கள் ஒரே சமூகத்தை மூன்று நான்கு விதமாக எழுதியிருக்கிறார்கள். ஆள்கட்டும் ஏஜெண்டுகள் சொல்லிக்கொடுத்தபடி மாற்றிச் சொன்னவர்களும் உண்டு. கிராமம்தான் நமக்கு உயிர், அதில்தான் தொல்லையும் அதிகம். சொன்னவர் தமிழில் சொல்லியிருப்பார், எழுதியவர் காதில் விழுந்தபடி ஆங்கில எழுத்தில் எழுதியிருப்பார், பின்னால் நகலெடுத்தவர் இன்னொரு தடவை திரித்திருப்பார். அதோடு, பஞ்ச காலத்தில் பிழைப்புக்காக ஊர் மாறியவர், பிறந்த ஊரைச் சொன்னாரா, கடைசியாக இருந்த ஊரைச் சொன்னாரா என்பதை அந்த வரி சொல்லாது.

ஊர்ப் பெயரைப் படிக்க நான் கையாளும் ஒரு வழியைச் சொல்கிறேன், நிறையத் தடவை கைகொடுத்திருக்கிறது. உங்கள் ஆளின் வரியை மட்டும் பார்க்காதீர்கள். முன்னால் இருபது வரி, பின்னால் இருபது வரி படியுங்கள். ஏஜெண்டு ஒரு வட்டாரத்தில் சுற்றி ஆட்களைச் சேர்த்து டிப்போவுக்குக் கூட்டி வருவார். அதனால் பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள் பட்டியலிலும் பக்கத்தில் இருப்பார்கள். ஒருவருக்கு எழுத்தர் எழுதிய ஊர்ப் பெயர் படிக்கவே முடியாமல் இருக்கும், நாலு வரி தள்ளி அதே ஊர் தெளிவாக இருக்கும். சுற்றியுள்ள நாலைந்து ஊர்கள் ஒரே ஃபிர்காவில், அதாவது தாலுகாவின் ஒரே உட்பிரிவில் விழுகின்றன என்று தெரிந்துவிட்டால், உங்கள் ஊரும் அங்கேதான் எங்கோ இருக்க வேண்டும்.

அடுத்தது ஜில்லா எல்லை. இங்கேதான் வெளியூர்க்காரர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். பட்டியலில் வட ஆற்காடு என்று இருந்தால் இன்றைய வேலூர், ராணிப்பேட்டை மட்டும் என்று நினைக்கக் கூடாது. சித்தூர், பலமனேர், புங்கனூர், சந்திரகிரி, காளஹஸ்தி எல்லாம் 1911 வரை வட ஆற்காட்டில்தான் இருந்தன. அந்த ஜில்லாவின் தலைமையிடமே சித்தூர்தான். அவை இன்று ஆந்திராவில் இருக்கின்றன. திருத்தணி 1960-இல்தான் நம் பக்கம் திரும்பி வந்தது. திருப்பத்தூர் தாலுகா அன்றைக்குச் சேலம் ஜில்லா. திருவண்ணாமலை தாலுகா தென் ஆற்காடு. இரண்டும் 1911-இல்தான் வட ஆற்காட்டுக்கு வந்தன. நாமக்கல், கிருஷ்ணகிரி, தருமபுரி எல்லாம் சேலத்துக்குள் இருந்தன. ஆகவே பட்டியலில் சேலம், திருப்பத்தூர் என்று இருந்தால் சேலம் நகரத்தில் போய் விசாரித்துப் பயனில்லை, ஜோலார்பேட்டையில் இறங்க வேண்டும். தாலுகா பெயர் இல்லாமல் புதூர், நல்லூர், புதுப்பேட்டை என்று மட்டும் இருந்தால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், ஒரே ஜில்லாவுக்குள்ளேயே அந்தப் பெயரில் பல ஊர்கள் இருக்கும். அப்போது சுற்றுவட்டாரம் வரைக்கும்தான் போக முடியும். அதற்கு மேல் ஒருவர் குறிப்பிட்ட ஓர் ஊரைக் கைகாட்டினால் ஆதாரம் கேளுங்கள்.

ஊர் தெரிந்தபிறகு அங்கே என்ன கிடைக்கும்? எழுத்து ஆதாரம் அநேகமாக எதுவும் கிடைக்காது. கிராமங்களில் பிறப்பு இறப்புப் பதிவு ஓரளவு ஒழுங்குக்கு வந்தது மதராஸ் சட்டம் 1899-இல் வந்ததற்குப் பிறகு. 1871, 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடு வீடாக எழுதிய தாள்களைப் பாதுகாக்கவில்லை, கூட்டுத்தொகைகள்தான் மிஞ்சின. நிலப் பதிவேட்டில் பட்டாதாரர் பெயர் இருக்கும், ஆனால் பட்டா வைத்திருந்தவர் ஏன் கரும்பு வெட்டக் கப்பலேறப் போகிறார்? ஒன்றிரண்டு பேர் விதிவிலக்காக இருந்திருக்கலாம், குடும்பச் சண்டையில் கோபித்துக்கொண்டு போனவர்கள், கடனுக்கு நிலத்தை இழந்தவர்கள். குடும்பம் கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தால் ஞானஸ்நானப் பதிவேடு ஒரு நல்ல வாய்ப்பு. மற்றபடி வயதானவர்களின் நினைவுதான். ‘எங்க பாட்டனோட அண்ணன் ஒருத்தர் கப்பலேறிப் போனார், திரும்பி வரல’ என்று ஒரு வீட்டில் யாராவது சொன்னால் நெஞ்சு படபடக்கும். ஆனால் அந்த வட்டாரத்தில் பத்து வீட்டில் அதே கதை இருக்கும். அப்பா பெயர் ஒத்துப்போகிறதா, குலதெய்வம் ஒன்றா என்று பார்க்காமல் பங்காளி என்று கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டாம்.

குலதெய்வம், சடங்கு வழியாகத் தேடலாமா என்று சிலர் கேட்பார்கள். துணைச் சான்றாக எடுத்துக்கொள்ளலாம். நேட்டாலில் தெருக்கூத்து, திரௌபதி அம்மனுக்குத் தீமிதி எல்லாம் வேர்விட்டது, ஆற்காட்டுப் பக்கத்து மக்கள் அங்கே எவ்வளவு பேர் இருந்தார்கள் என்பதைக் காட்டுகிறது. ஆனால் தோட்ட லைன் வீடுகளில் பல ஜில்லாக்காரர்கள் ஒன்றாக வாழ்ந்து, ஒரே மாரியம்மனைக் கும்பிட்டார்கள். டர்பன் பக்கத்து ஐசிபிங்கோ மாரியம்மன் கோயிலுக்குப் புனித வெள்ளியன்று போகும் கூட்டத்தில் எல்லாச் சாதியும் எல்லா ஊரும் உண்டு. சடங்கு அந்தச் சமூகத்தின் கதையைச் சொல்லும், தனி ஒரு குடும்பத்தின் ஊரைச் சொல்லாது. டிஎன்ஏ பரிசோதனையும் அப்படித்தான். டர்பனில், கேப் டவுனில், லண்டனில் இருக்கும் தெரியாத உறவினர்களை அது நன்றாகக் காட்டிக்கொடுக்கும், அவர்களில் ஒருவர் வீட்டில் அந்த எண் இருக்கலாம். தமிழ்நாட்டுக் கிராமங்களில் அந்தப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் மிகக் குறைவு, ஆகவே ஊரைக் காட்டும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

ஊரைவிட, முனுசாமி எப்படி வாழ்ந்தார் என்பதைத் தெரிந்துகொள்ள நல்ல வாய்ப்பு இருக்கிறது, நீங்கள் அதைக் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். பாதுகாவலர் அலுவலகத்தின் கடிதக் கோப்புகள் பீட்டர்மாரிட்ஸ்பர்க் காப்பகத்தில் இருக்கின்றன. முதலாளி அடித்தார், ரேஷன் குறைத்தார், கூலி தரவில்லை என்று தொழிலாளர்கள் கொடுத்த புகார்கள், கல்யாணத் தகராறுகள், ஊரிலிருந்து ‘என் மகன் உயிரோடு இருக்கிறானா’ என்று கேட்டு வந்த கடிதங்கள் எல்லாம் அதில் உண்டு. அந்த எண்ணோடு ஒரு கோப்பு இருந்தால் அவர் குரலுக்கு மிக அருகில் போய்விடுவீர்கள். ஒரு சின்னச் சோதனையும் செய்து பார்க்கலாம். குடும்பக் கதையில் மூன்று பவுன் வரி கட்டக் கஷ்டப்பட்டார் என்று வருகிறதா? ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல் தங்கியவர்கள் மீதான அந்த வரி 1895 சட்டத்தில் வந்தது, அதற்குப் பிறகு ஒப்பந்தமானவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும்தான், 1914-இல் நீங்கியது. 1880களில் வந்தவருக்கு அது பொதுவாகப் பொருந்தாது. வரிக் கதை உறுதியாக இருந்தால் வந்த வருடத்தைத்தான் நீங்கள் மறுபடி யோசிக்க வேண்டும், அல்லது அது அவர் சம்பந்தி வீட்டுக் கதையாக இருக்கும்.

பட்டியலிலேயே பெயர் இல்லை என்றால்? சொந்தக் காசில் பயணச்சீட்டு வாங்கி வந்தவர்கள் இந்தப் பட்டியலில் வர மாட்டார்கள். மொரிஷியஸிலிருந்து வந்தவர்களும் அப்படித்தான். காந்தியோடு சிறை சென்ற தம்பி நாயுடுவே மொரிஷியஸில் பிறந்தவர்தான். அந்த வழி என்றால் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் குடியேற்ற ஆவணங்களைப் பார்க்க வேண்டும். அங்கே 1860களிலிருந்து எடுத்த புகைப்படங்கள்கூட உண்டு. சிலர் ஊர் திரும்பி, பிழைக்க வழியில்லாமல் மறுபடியும் கப்பலேறினார்கள். அவர்களுக்கு இரண்டு எண் இருக்கலாம்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. ஊரையும் பங்காளியையும் கண்டுபிடித்துத் தருகிறேன் என்று நிறையப் பணம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். சிலர் நேர்மையானவர்கள். சிலர் ஏதோ ஒரு ஊரில் கோயிலைக் காட்டி, மாலை போட்டு, யாரோ ஒரு கிழவரை மாமா என்று அறிமுகப்படுத்தி அனுப்பிவிடுவார்கள். கப்பல் பட்டியலின் அந்த வரியைப் படமாகக் காட்டாத யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள்.

டிசம்பருக்கு இன்னும் நேரம் இருக்கிறது. காங்கேயம் பயணத்தைத் தள்ளிப்போட்டுவிட்டு, மாமனாரின் தாத்தா பிறந்த பதிவின் வால்ட் காப்பிக்கு இந்த வாரமே விண்ணப்பம் போடச் சொல்லுங்கள். அது வர மாதங்கள் ஆகலாம். எண் கிடைக்காவிட்டால், எந்தத் தோட்டத்தில் முதலில் வேலை பார்த்தார் என்று குடும்பத்தில் யாருக்காவது தெரியுமா என்று கேளுங்கள். தோட்டமும் ஏறக்குறைய வருடமும் தெரிந்தால், அந்த முதலாளிக்கு அனுப்பப்பட்ட முனுசாமிகளை மட்டும் பிரித்துப் பார்த்து நாலைந்து பேருக்குள் கொண்டுவர முடியும். எந்த வழியில் போனாலும் கடைசியில் ஒரு பக்கம் கைக்கு வரும். வந்ததும் அந்தப் பக்கத்தையும் அதற்கு முன், பின் பக்கங்களையும் படமெடுத்து அனுப்புங்கள். தாலுகா வட ஆற்காடு, சேலம், தென் ஆற்காட்டுக்குள் இருந்தால் ஊர்ப் பெயரை நானே படித்துச் சொல்கிறேன். தஞ்சாவூர், திருச்சிப் பக்கம் என்றால் அந்த வட்டாரத்தில் நில அளவையில் இருந்த நண்பர்களிடம் கேட்டுச் சொல்கிறேன்.